வாங்கியாச்சு என்றவன்

திருச்சி பெரிய கடைவீதியில் அப்துல் அஹத்தைப் பிளாஸ்டிக் சாமான் கடைக்காரனாகத்தான் எல்லாருக்கும் தெரியும். அண்ணனும் அவனுமாக நடத்தும் கடை. வாளியும் குடமும் முக்காலியும் வாசல்வரை வழியும். உள்ளே போகிறவர்கள் ஒருக்களித்துத்தான் போகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவன் பொன்மலைப் பக்கத்து மைதானம் ஒன்றில் ஹெல்மெட்டும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுகிறான் என்று சொன்னால் வீதியில் பாதிப்பேர் நம்பமாட்டார்கள். நம்புகிற மீதிப்பேருக்கு அது என்ன ஆட்டம் என்று தெரியாது.

"அதென்ன பாய் ஃபுட்பாலு? பந்து காலுக்கே வரமாட்டேங்குது!" என்பார் எதிர்க்கடை முகம்மது கனி. அஹத்தின் செல்போனில் ஒரு ஆட்டத்தைப் பார்த்தபிறகு அவருக்கு வந்த சந்தேகம் அது. "அதுலயும் நீங்க எங்கயோ கடைசில நிக்கிறீங்க. உங்கள ஆட்டத்துல சேத்துருக்காங்களா, இல்ல பந்து பொறுக்கிப் போட வச்சிருக்காங்களா?"

அஹத் சிரித்துக்கொள்வான். கடைசியில் நிற்பதுதான் அவனுடைய வேலை. அந்த இடத்துக்கு சேஃப்டி என்று பெயர். எதிரணியில் ஒருவன் பந்தை எறிவான். அதைப் பிடிக்க நாலைந்து பேர் நாலா திசையிலும் ஓடுவார்கள். அவர்களில் யார் எல்லாரையும் ஏமாற்றிவிட்டு வந்தாலும் சேஃப்டியை மட்டும் தாண்டக்கூடாது. அவனுக்குப் பின்னால் வெறும் புல்தரையையும் எல்லைக்கோட்டையும் தவிர ஒன்றும் இல்லை. மற்றவர்களின் தவறு பத்து கஜத்தோடு போகும். சேஃப்டியின் தவறு ஆட்டத்தையே கொண்டுபோய்விடும். அதனால் அவன் யாரையும் துரத்தவேண்டியதில்லை. எல்லாரையும் தன் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டால் போதும்.

இதையெல்லாம் அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் கோச் ஸ்தனிஸ்லாஸ். குவைத்தில் அமெரிக்க முகாம் ஒன்றில் சமையற்கட்டு வேலை பார்த்த காலத்தில், வேலி ஓரம் நின்று பார்த்து ஆட்டத்தைக் கற்றவர். ஊர் திரும்பியபோது எல்லாரும் கம்பளியும் சென்ட் பாட்டிலும் கொண்டுவர, அவர் இரண்டு முட்டைப் பந்துகளைக் கொண்டுவந்தார். கலைந்துபோன ஒரு வெளியூர் அணியிடம் பழைய ஹெல்மெட்டுகளை வாங்கி, 'கொள்ளிடம் புல்ஸ்' என்று பெயர் வைத்து அணி சேர்த்தார். தமிழில் கத்தினால்தான் வெளியூர்க்காரனுக்குப் புரியாது என்பது அவருடைய கொள்கை. பெங்களூர் அணிக்கு அது பொருந்தும்; கோயம்புத்தூர் அணிக்குப் பொருந்தாது என்று யாரும் அவரிடம் எடுத்துச் சொல்லவில்லை.

அப்படித் தமிழில் வந்த வழக்கங்களில் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். பின்பரப்பை இரண்டாகப் பிரித்து இரண்டு சேஃப்டிகள் காப்பார்கள், இடப்பாதி அஹத்துடையது. அதே இடப்பக்க ஓரத்தில், அவனுக்கு முன்னால், கார்னர் என்பவன் நிற்பான். ஓடிவரும் எதிரியைக் கார்னர் நெஞ்சில் கைகொடுத்துத் தடுத்து, கொஞ்சதூரம் கூடவே போய், பிறகு பின்னால் இருக்கும் சேஃப்டியிடம் விட்டுவிடுவான். விடும்போது "விட்டாச்சு!" என்று கத்துவான். சேஃப்டி அந்த ஆளைக் கண்ணால் கண்டபிறகு "வாங்கியாச்சு!" என்று பதில் கொடுக்கவேண்டும். அந்தப் பதில் காதில் விழாமல் கார்னர் ஆளை விடக்கூடாது. கண்ணால் காணாமல் சேஃப்டி பதில் சொல்லக்கூடாது. அணியில் இது மாற்றமில்லாத சட்டம்.

இடப்பக்கக் கார்னர் ஹ்ருஷிகேஷ். ஸ்ரீரங்கம் வடக்கு உத்தர வீதிப் பையன். ஆடிட்டர் ஒருவரிடம் வேலை. அப்பா ஸ்ரீனிவாசராகவன் பெருமாள் சந்நிதியில் பிரபந்தம் ஓதும் கோஷ்டியில் சேவிப்பவர். மகன் முட்டிமோதும் ஆட்டம் ஆடுவது அவருக்குப் பிடிக்காது; ஆனால் தடுக்கவில்லை. அணியில் எல்லாரையும்விட மெலிந்த உடம்பு, எல்லாரையும்விட வேகமான கால்.

"ரிஷி, நீ ஆள விடுறப்ப ஒரு தள்ளு தள்ளிவிடுடா. பூப்போல கொண்டாந்து குடுக்குற," என்பான் அஹத்.

"உங்க கைல குடுக்கறப்ப கசங்காம குடுக்கணும் இல்ல பாய்? நீங்கதான் மொத்தமா கசக்கிடுறீங்களே!"

அந்த இரண்டு குரலும் ஒன்றுக்கொன்று பழகிப்போயிருந்தன. ஹ்ருஷிகேஷ் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கமாட்டான். "வாங்கியாச்சு" என்று கேட்டதும் அந்த ஆளை மறந்துவிட்டு அடுத்தவன்மேல் பாய்வான். கார்னரின் அழகே அந்த மறதிதான் என்று ஸ்தனிஸ்லாஸ் புதியவர்களிடம் காட்டிக் காட்டிச் சொல்வார்.

போன சீசனில், கோயம்புத்தூர் அணியோடு கடைசி ஆட்டம். திருச்சி முன்னணியில் இருந்தது; ஆட்டம் முடியும் தறுவாய். வந்தவர்கள் மேளம் கொண்டுவந்திருந்தார்கள். அஹத் பந்தெறிபவனின் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் எங்கே பார்க்கிறானோ அங்கேதான் பந்து போகும் என்பது சேஃப்டிகளின் பாலபாடம். பந்து உயர எழுந்தது. இடப்பக்கம் போகிறது என்று தெரிந்து அஹத் திரும்பினான். திரும்பியபோது கோயம்புத்தூர்க்காரன் ஒருவன் அவனைத் தாண்டி, தன்னந்தனியாக, கையை நீட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான்.

எங்கிருந்து முளைத்தான் என்றே அஹத்துக்குப் புரியவில்லை. அவன் துரத்தியதெல்லாம் கணக்கில் வராது; ஆட்டம் கைவிட்டுப் போனது.

ஆட்டம் முடிந்ததும் ஸ்தனிஸ்லாஸ் எல்லாரையும் உட்காரவைத்தார். "யாருடா விட்டது?"

"நான் விட்டாச்சு சொன்னேன் சார்," என்றான் ஹ்ருஷிகேஷ். "பாய் வாங்கியாச்சுன்னார். அப்புறந்தான் விட்டேன்."

எல்லாரும் அஹத்தைப் பார்த்தார்கள். அவன் மனதறிந்து பொய் சொல்லவில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடவேண்டும். தனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னான். "நான் அந்த ஆளப் பாக்கவே இல்ல சார். பாக்காம நான் என்னிக்கும் வாங்கியாச்சுன்னு சொல்லமாட்டேன்."

"நீங்க சொன்னீங்க பாய்!"

"பாக்கலங்கிறேன். எப்படிடா சொல்லுவேன்?"

செல்போனில் எடுத்த படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். அதில் மேளச் சத்தம்தான் கேட்டது. பின்னால் நிற்பவன் மொத்த மைதானத்தையும் பார்ப்பவன். அவன் பேச்சை எடுத்துக்கொள்வதுதான் அணியின் பழக்கம். தவிரவும் அஹத் மூத்தவன். தவறு செய்தவனைவிட, செய்துவிட்டு அடுத்தவன்மேல் போடுகிறவனை ஸ்தனிஸ்லாஸுக்கு ஆகாது.

"ஆள விட்டது தப்பு. அத நான் மன்னிச்சுருவேன். கேக்காத கொரல கேட்டேன்னு சொல்றியே, அதுதான் எனக்குத் தாங்கல. எல்லார் முன்னாடியும் பொய் சொன்னேன்னு ஒத்துக்க. இல்லன்னா இந்தப் பக்கம் வராத."

ஹ்ருஷிகேஷ் கையுறைகளைக் கழற்றி, ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து, பெஞ்சின்மேல் வைத்துவிட்டுப் போனான். மாநில அணித் தேர்வுக்கு அவன் பெயரை அனுப்புவதாக இருந்தார்கள். அனுப்பவில்லை. அஹத் இரண்டுமுறை போன் செய்தான். மணி அடித்து ஓய்ந்தது. பிறகு அவனுக்கும் கொஞ்சம் கோபம் வந்தது. தப்புச் செய்தவனே போனை எடுக்காவிட்டால் என்ன செய்வது?

அடுத்த சீசனில் இடப்பக்கக் கார்னராகப் பிரவீன்ராஜ் வந்தான். மண்ணச்சநல்லூரில் அரிசி மில் வைத்திருப்பவர் மகன். மூட்டை தூக்கி உரமேறிய தோள். அவன் பக்கத்திலும் அதேபோல ஆள் தாண்டிப் போனான். மறுபடி ஒருமுறையும் போனான்.

"இந்த மூலைக்கு வாஸ்து சரியில்ல சார்," என்றான் பிரவீன்ராஜ். "எலுமிச்சம்பழம் கட்டிப் பாப்போமா?"

அணியே சிரித்தது. அஹத்தும் சிரித்தான். ஹெல்மெட்டின் கன்னப்பட்டைதான் மறைக்கிறது என்று நினைத்து, வேறு ஹெல்மெட் மாற்றிப் பார்த்தான்.

வீட்டில் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. மனைவி சம்ரீன் தெருவில் அவனுக்கு இடப்பக்கம் நடந்தால் அவன் தோள் அவள்மேல் இடிக்கும். "என்னங்க, கட்டின பொண்டாட்டி இங்க ஒருத்தி வரேன். உங்க ஆட்டத்த மைதானத்தோட வச்சுக்குங்க," என்பாள். மேசையில் இடப்பக்கம் வைத்த டீ கவிழும். ஒருநாள் காந்தி மார்க்கெட் வாசலில் வெங்காயம் ஏற்றிய தட்டுவண்டி ஒன்றின்மேல் ஸ்கூட்டரை விட்டான். காயம் இல்லை. வண்டிக்காரர் மட்டும் சிதறிய வெங்காயத்தைப் பொறுக்கியபடி, "ஏங்க, யானை மாதிரி நிக்கிறேன், தெரியலயா?" என்று கேட்டார். தெரியவில்லை என்பதுதான் உண்மை. அன்று சம்ரீன் கேலி செய்யவில்லை. மறுநாளே புத்தூரில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே ஒரு இருட்டறையில், அரைக் கோளம்போன்ற கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் உள்ள புள்ளியையே பார்க்கவேண்டும். சுற்றிலும் எங்காவது சின்ன வெளிச்சம் தெரிந்தால் கையில் உள்ள பொத்தானை அமுக்கவேண்டும். ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் கருவி மெல்ல ஒரு 'டிக்' கொடுக்கும். அஹத் உற்சாகமாக அமுக்கினான். நடுவைப் பார்த்துக்கொண்டே ஓரத்தைக் கவனிப்பதுதானே அவன் தொழில்!

பரிசோதனை செய்த பெண்ணின் பெயர் தமிழ்மணி. அவள் பாதியில் கருவியை நிறுத்தினாள்.

"சார், லைட் தெரிஞ்சா மட்டும் அமுக்குங்க."

"தெரிஞ்சாத்தாங்க அமுக்குறேன்."

"இல்லீங்க சார். நடுநடுவுல மெஷின் லைட் போடாம சத்தம் மட்டும் குடுக்கும். ஆளு நெசமாவே பாத்து அமுக்குறாரான்னு தெரிஞ்சுக்க. நீங்க அப்பவும் அமுக்குறீங்க."

"எனக்குத் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சே?"

"நெறைய பேருக்கு அப்படித்தான் சார். சத்தம் வந்தா லைட்டும் வந்துருக்கும்னு கை தானா அமுக்கிடும். அவங்க வேணும்னு செய்றதில்ல." அவள் அவனுடைய மோவாயை மறுபடி தாங்கியில் வைத்தாள். "பொறுமையா, இன்னொருவாட்டி."

அஹத் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. ஆனால் அமுக்கவும் முடியவில்லை. அந்த இருட்டில் அவனுக்குக் கேட்டது மேளச் சத்தம். அதற்குள்ளிருந்து, எப்போதும்போல, ஹ்ருஷிகேஷின் "விட்டாச்சு". அதற்குமேல், எந்த யோசனையும் இல்லாமல், தும்மலைப்போல வெளியே வந்த தன்னுடைய குரல்.

இடக்கண்ணுக்கான பரிசோதனை மறுபடி தொடங்கியது. இந்தமுறை அவன் வெளிச்சத்துக்காக மட்டும் காத்திருந்தான். டிக் என்றது. இருட்டு. மறுபடி டிக். இருட்டு. கருவி கெட்டுவிட்டதோ என்று நினைக்கும் அளவுக்கு அந்த இருட்டு நீண்டது. கடைசியில் தமிழ்மணி விளக்கைப் போட்டு, "முடிஞ்சுதுங்க சார்" என்றாள்.

கண்ணுக்குள் நீரழுத்தம் கூடி நரம்பைத் தின்றுவிட்டது என்றார் டாக்டரம்மா. இடக்கண்ணின் ஓரப்பார்வை அநேகமாக முழுதும் போய்விட்டது; வலது இப்போதுதான் தொடங்குகிறது. போனது திரும்பாது. ஆயுசுக்கும் சொட்டுமருந்து போட்டு, இருப்பதைக் காப்பாற்றலாம்.

"எனக்கு ஏங்க தெரியாமப் போச்சு? கருப்பா எதுவும் தெரியலயே?"

"கருப்பாத் தெரியாதுங்க. போன எடத்த, பக்கத்துல இருக்குறத வச்சு மூளையே ரொப்பிக்கும். உங்களுக்கு முழுசாத் தெரியற மாதிரியேதான் இருக்கும். குடும்பத்துல யாருக்காச்சும் இருந்துச்சா?"

அஹத்துக்குத் தன்னைப் பெற்ற அத்தா நினைவுக்கு வந்தார். கடைசிக் காலத்தில் சுவரைத் தடவித்தான் நடந்தார். வயசாகிவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். அவரும் அதையே சொன்னார். "இருந்திருக்கும்," என்றான்.

தலையில் அடிபடும் ஆட்டம் எதுவும் கூடாது என்று டாக்டரம்மா சொன்னதற்குச் சம்ரீன்தான் தலையாட்டினாள். வெளியே வந்து மருந்துக் கடை வரிசையில் நிற்கும்போது அவள் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆட்டம் போனாப் போகுது. விடுங்க."

"ஆட்டம் இல்ல சம்ரீன். அந்தப் பையன் சொன்னது நெசம். நான்தான் சொல்லியிருக்கேன். பாக்காமயே சொல்லியிருக்கேன்."

"அதுக்கு இப்ப என்ன செய்யப்போறீங்க?"

"சொல்லணும்."

முதலில் ஸ்தனிஸ்லாஸிடம் போனான். மைதானத்தில் கூம்புகளை அடுக்கிக்கொண்டிருந்த மனிதர், கேட்டுக்கொண்டே அடுக்கினார். பிறகு கையை நிறுத்தி பெஞ்சில் உட்கார்ந்தார்.

"உன் கண்ணுக்கு நீ என்னடா பண்ணுவ? நோய். யாரும் உன்னக் கொற சொல்லமாட்டாங்க. இத இப்பப் போயிக் கெளறணுமா?"

"என்னக் கொற சொல்றதப் பத்தி இல்ல சார். அவனச் சொன்னமே."

ஸ்தனிஸ்லாஸ் பெஞ்சிலிருந்து எழுந்தார். "சொன்னது நீ இல்ல. நான். பொய்யன்னு சபை நடுவுல சொன்னேன்." பயிற்சிக்கு வந்த பையன்களை அழைத்து, அஹத்தை அவர்கள் முன்னால் பேசச் சொன்னார். அவன் பேசினான். பிரவீன்ராஜ், "அப்ப என் பக்கம் போனதும்..." என்று தொடங்கி, பாதியில் விழுங்கிவிட்டான். வாஸ்து பற்றி யாரும் பேசவில்லை.

"சார், நீங்களும் ஸ்ரீரங்கம் வாங்க," என்றான் அஹத்.

"அவன வரச்சொல்லு. எடம் இருக்கு, எப்பவும் இருக்குன்னு சொல்லு. அந்த வீட்டு வாசப்படி ஏற எனக்கு மொகம் இல்லடா."

அஹத் தனியாகப் போனான். உத்தர வீதி வீட்டில் கதவைத் திறந்தது ஹ்ருஷிகேஷ்தான். ஆபீஸ் சட்டையோடு, இன்னும் மெலிந்திருந்தான். உள்ளே வரச்சொல்லவும் இல்லை. கதவைச் சாத்தவும் இல்லை. அஹத் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான்: கண், கருவி, டிக் சத்தம், தன் குரல்.

ஹ்ருஷிகேஷ் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டான்.

"அப்ப நீங்க சொன்னீங்க."

"சொன்னேன்டா."

"நான் கேட்டேன்."

"நீ கேட்டதுதான் நெசம்."

"கொஞ்சநாள்ல எனக்கே சந்தேகமாயிடுச்சு பாய். அத்தன பேர் இல்லன்னா, நமக்குத்தான் காதுல கோளாறோன்னு. ராத்திரில படுத்துக்கிட்டு உங்க கொரல ஞாபகப்படுத்திப் பாப்பேன். வராது." கதவை அகலத் திறந்தான். "எங்கிட்ட சொன்னது போதாது. உள்ள வாங்க. அப்பாகிட்ட சொல்லுங்க."

கூடத்தில் ஸ்ரீனிவாசராகவன் மாலை சேவைக்குப் புறப்படத் தயாராக, திருமண் இட்டு உட்கார்ந்திருந்தார். "வாங்கோ, உட்காருங்கோ," என்றார். அஹத் இரண்டாம் முறையாகச் சொன்னான். முதல்முறையைவிடக் கடினமாக இருந்தது. ஆட்டத்தின் பெயர்கூடச் சரியாகத் தெரியாத பெரியவருக்கு, விடுவதையும் வாங்குவதையும் விளக்கவேண்டியிருந்தது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"இது எனக்குப் புரியறது," என்றார் முடிவில். "கோஷ்டியிலயும் உண்டு. பக்கத்துல இருக்கறவா குரலைப் பிடிச்சுண்டே வாய் போயிண்டிருக்கும். நாம சொல்றோம்னுதான் நெனச்சுண்டிருப்போம். அவா நிறுத்தினாத்தான் தெரியும், நமக்கு அந்த அடி பாடமே இல்லேன்னு." மகன் பக்கம் திரும்பினார். "ஆனா இவன் ஒத்துண்டானே! பொய் சொன்னேன்னு எங்கிட்ட ஒத்துண்டானே!"

அஹத்துக்கு அது தெரியாது. அவன் ஹ்ருஷிகேஷைப் பார்த்தான்.

"கோச் அப்பாவுக்குப் போன் பண்ணிச் சொன்னாராம்," என்றான் ஹ்ருஷிகேஷ், யாரையும் பார்க்காமல். "தப்பு பண்ணலாம், பொய் சொல்லப்படாதுன்னு அப்பா எங்கிட்டப் பேசறத நிறுத்திட்டார். ஆடி போய் ஆவணி வந்தும் பேசல. அம்மா நடுவுல கெடந்து தவிச்சா."

"அதனால?" என்றார் அப்பா.

"ஒத்துண்டேன்."

"அப்போ அன்னிக்கு எங்கிட்ட ஒத்துண்டியே, அதுதான் பொய்யா?"

"ஆமாம்ப்பா. அது ஒண்ணுதான்."

பெரியவர் அஹத்துக்கு இடப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமென்றால் அஹத் கழுத்தை முழுக்கத் திருப்பவேண்டும். திருப்பவில்லை. அங்கவஸ்திரம் சரசரப்பதும், அவர் எழுந்திருக்க முயன்று மறுபடி உட்காருவதும் காதில் விழுந்தன. சேவைக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளிருந்து ஒரு பெண்குரல் நினைவுபடுத்தியது.

"நான் வரேங்க," என்று எழுந்தான் அஹத்.

ஹ்ருஷிகேஷ் தெருமுனைவரை கூட வந்தான். செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருந்தான், கவனிக்கவில்லை.

"கோச் வரச்சொன்னாரு ரிஷி. எடம் இருக்காம். பிரவீன்ராஜே மாறிக்கிறேன்கிறான். அடுத்த வருசம் மாநிலத் தேர்வுக்கு முதல் பேரு உன்னோடதுதான்னு சொல்லச் சொன்னாரு."

"நீங்க?"

"நான் இனிமே ஆடக்கூடாது."

"அப்ப பின்னாடி யாரு?"

"யாராச்சும் வருவாங்க. நல்ல ஆளா நானே பாத்துப் பழக்குறேன்."

ஹ்ருஷிகேஷ் மறுப்பாகத் தலையை ஆட்டினான். கோபம் இருந்திருந்தால் அஹத்துக்கு எளிதாக இருந்திருக்கும். இல்லை.

"நான் வரல பாய். உங்க மேல வருத்தம் இல்ல. நெசமாவே இல்ல. ஆனா இனிமே அங்க நின்னா, யாரு வாங்கியாச்சுன்னு சொன்னாலும் நான் திரும்பிப் பாப்பேன். வாங்கிட்டாங்களா, இல்ல சும்மா சொல்றாங்களான்னு ஒருதடவ திரும்பிப் பாத்துட்டுத்தான் அடுத்தவன்கிட்டப் போவேன். திரும்பிப் பாக்குறவன் கார்னர் ஆட முடியாது."

ஆட்டத்தைப் பொறுத்தவரை அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

சத்திரம் போகும் பஸ் வந்து நின்றது. "போயிட்டு வாங்க பாய். மருந்த விட்டுடாம போடுங்க," என்றான் ஹ்ருஷிகேஷ். அப்பா இன்னும் கூடத்தில்தான் உட்கார்ந்திருப்பார் என்று அவனுக்குத் தோன்றியிருக்கவேண்டும். பஸ் புறப்படும்வரை நிற்காமல் வீட்டைப் பார்த்து வேகமாக நடந்தான்.